லெசோத்தோவா, சானியா, துபாயா, ஆல்ப்ஸா? குடும்பத்தோடு பனிமலை போகுமுன் எடைபோட வேண்டியவை

ஜூலை விடுமுறை நெருங்கும்போது டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகளை ஒருமுறையாவது பனிமலைக்குக் கூட்டிப்போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் லெசோத்தோ போதுமா, இரண்டு வருடம் காசு சேர்த்து ஐரோப்பாவுக்கே போய்விடலாமா?

இதற்கு முன்னால் வீட்டில் பேசி முடிக்க வேண்டிய கேள்வி வேறு. உங்களுக்கு வேண்டியது பனியா, பனிச்சறுக்கா? பனியில் உருண்டு, பொம்மை செய்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் போதும் என்ற குடும்பத்துக்கும், பிள்ளை காலில் ஸ்கீ மாட்டிச் சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற குடும்பத்துக்கும் போக வேண்டிய இடம் ஒன்றல்ல. ஏமாந்து திரும்பும் குடும்பங்களில் பெரும்பாலானவை இதைப் பிரித்துப் பார்க்காதவை. வெள்ளை வெளேரென்ற மலையை எதிர்பார்த்து லெசோத்தோ போனவர்கள் பழுப்புப் புல்மலையில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டையைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பனியைத் தொட்டாலே போதும் என்றிருந்தவர்கள் ஆல்ப்ஸுக்குக் கட்டிய பணத்தில் பாதியைப் பிள்ளை பயன்படுத்தாத பாடங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பிள்ளை உண்மையில் பனியில் நிற்கும் நேரம். பயண நாட்கள், விசா அலைச்சல், வாடகைக் கடை வரிசை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சும் மணிக்கணக்கைத்தான் செலவோடு ஒப்பிட வேண்டும். மொத்தச் செலவை மட்டும் பார்த்தால் துபாய் மலிவாகவும் ஆல்ப்ஸ் எட்டாததாகவும் தெரியும். மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் கணக்கு மாறும்.

இரண்டாவது, நாட்காட்டி. பள்ளி விடுமுறையோடு நம் பண்டிகைகளும் விரதங்களும் சேர்ந்த நாட்காட்டி. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வார இறுதிகள் தொடங்கிவிடும். பல வீடுகளில் கறி, மீன் நிற்கும். ஈஸ்டர் விடுமுறையில் பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தீமிதியையும் விட்டுவிட்டுப் போக மனம் வராத குடும்பங்கள் நிறைய.

மூன்றாவது, தாள்கள். நான்காவது, உயரமும் உடம்பும். கடல்மட்டத்தில் வாழும் டர்பன்காரர்களுக்கு இது ஜோஹன்னஸ்பர்க்காரர்களைவிடப் பெரிய விஷயம். ஐந்தாவது, விளம்பரத்தில் தெரியாத செலவுகள்.

| | ஆஃப்ரிஸ்கி, லெசோத்தோ | சானி கணவாய் | ஸ்கீ துபாய் | ஆல்ப்ஸ் |
|---|---|---|---|---|
| பருவம் | ஜூன் முதல் ஆகஸ்ட் வரை | குளிர்காலத்தில் பனி விழுந்த பிறகு | ஆண்டு முழுதும் | டிசம்பர் முதல் ஏப்ரல் வரை |
| பனி | பெரும்பாலும் இயந்திரப் பனி | இயற்கைப் பனி, உறுதியில்லை | உள்ளரங்கப் பனி | இயற்கைப் பனியும் இயந்திரப் பனியும் |
| சறுக்கும் நீளம் | முக்கியச் சரிவு சுமார் 1 கி.மீ. | சறுக்குத் தளம் இல்லை | அதிகபட்சம் 400 மீட்டர் | பல பத்து கி.மீ. |
| உயரம் | சுமார் 3,050 மீட்டர் | உச்சி சுமார் 2,870 மீட்டர் | பொருட்டில்லை | தங்குமிடம் பெரும்பாலும் 1,000 முதல் 2,300 மீட்டர் |
| தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு விசா | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | ஷெங்கன் (ஐரோப்பியப் பொது) விசா வேண்டும் |
| குறைந்தது எத்தனை நாள் | 4 | 1 அல்லது 2 | அரை நாள் | 9 |
| கண்ணில் படாத பெரிய செலவு | வண்டித் தயாரிப்பு, தனித்தனி வாடகைகள் | நான்கு சக்கர இழுவை வண்டி | பயணத்தின் மற்ற நாட்கள் | காப்பீடு, மலைவரை வாகனம், பகலுணவு |

## ஆஃப்ரிஸ்கி: முதல்முறை சறுக்கக் கற்பவர்களுக்கு

வடக்கு லெசோத்தோவில் மாலுட்டி மலைகளில், 3,222 மீட்டர் உயர மஹ்லாசேலா கணவாயை ஒட்டி இருக்கிறது ஆஃப்ரிஸ்கி. தென்னாப்பிரிக்காவிலிருந்து வண்டியிலேயே போய் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள நடைமுறையில் இதுதான் இடம். கிழக்குக் கேப்பில் ரோட்ஸ் கிராமத்துக்கு மேலே டிஃபின்டெல் என்ற பெயரும் காதில் விழும். அது திறக்காமலேயே போன பருவங்கள் உண்டு. அந்த ஆண்டு இயங்குகிறது என்று உறுதியாகாமல் பணம் கட்ட வேண்டாம்.

பனி எப்படி வருகிறது. மாலுட்டியின் குளிர்காலம் வறண்டது. இயற்கைப் பனி விழும், ஆனால் அதை நம்பிப் பருவம் நடத்த முடியாது. இரவுக் குளிரையும் உலர்ந்த காற்றையும் வைத்து இயந்திரத்தில் நீரைத் தூவிப் பனி செய்கிறார்கள். துளி ஆவியாகும்போது வெப்பத்தை இழப்பதால், காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு எளிதாகத் துளி உறையும். காற்றின் வெப்பத்தோடு ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வேலை நடக்கும். இதிலிருந்து உங்களுக்குப் பயன்படும் விஷயங்கள் சில. ஜூன் முதல் வாரத்தில் படுகை மெல்லியதாக இருக்கலாம், ஜூலையில் கெட்டிப்பட்டிருக்கும், ஆகஸ்ட் பிற்பகுதியில் பகல் வெயில் தின்னத் தொடங்கும். ஒரே நாளிலும் பனி மாறும். காலை முதல் மணிநேரத்தில் இரவு உறைந்த கெட்டிப் பரப்பு, நண்பகலில் மென்மை, பிற்பகலில் ஈரக்கூழ். தேறியவர்கள் காலையில் சறுக்கலாம். முதல்முறை நிற்கும் பிள்ளைக்குப் பத்து, பத்தரை மணிக்குத் தொடங்கும் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். கெட்டிப் பனியில் ஸ்கீயின் விளிம்பு பிடிக்காது. விழுந்தால் வலிக்கும், அந்த முதல் வலியோடு ஆசை போய்விடும்.

வழி. ஜோஹன்னஸ்பர்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வையுங்கள். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ஹாரிஸ்மித், கோல்டன் கேட், கிளாரன்ஸ், ஃபூரியஸ்பர்க் என்று ஏழு மணி நேரம். எல்லை காலிடன்ஸ்பூர்ட்டில். அதைத் தாண்டினால் புத்தா-புத்தே ஊர். எரிபொருள், ரொட்டி, மருந்து எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள். பிறகு மொட்டெங் கணவாய், உச்சி 2,820 மீட்டர். தார்ச்சாலைதான், ஆனால் செங்குத்து. வெயில் படாத திருப்பங்களில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் காலை முழுக்க இருக்கும். மொட்டெங்கைக் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் கடப்பதாக நேரத்தைத் திட்டமிட்டால் பாதி ஆபத்து குறையும். ஏறும்போதும் இறங்கும்போதும் முதல் அல்லது இரண்டாம் கியர். படலத்தின் மேல் பிரேக்கை அழுத்தினால் வண்டி பக்கவாட்டில் போகும். ஆடுமாடுகளும் போர்வை போர்த்திய மேய்ப்பர் சிறுவர்களும் எந்தத் திருப்பத்திலும் எதிர்ப்படலாம்.

டர்பன்காரர்கள் வான் ரீனன் கணவாயையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி என்3 மூடப்பட்டு, வண்டிகள் சாலையிலேயே இரவைக் கழித்தன. குளிர்முகம் வருவதாக முன்னறிவிப்பு இருந்தால் ஒருநாள் தள்ளிப் போங்கள். எப்படியும் வண்டியில் போர்வை, தண்ணீர், ஒருவேளைச் சாப்பாடு, நிரம்பிய டாங்கி இருக்கட்டும்.

வண்டி. கடலோர வண்டிகளுக்கு இது அந்நிய நாடு. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் டர்பனில் உண்டு. 3,000 மீட்டரில் ஓர் இரவு அந்த நீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடலாம். கிளம்புமுன் உறைதடுப்புத் திரவத்தின் வலிமையைப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். டீசல் வண்டியென்றால் கடற்கரையில் நிரப்பிய டீசலில் குளிரில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். டாங்கி குறைந்த நிலையில் உள்நாட்டுக்கு வந்து அங்கே நிரப்பி, டீசல் உறைதடுப்பியைச் சொன்ன அளவில் சேருங்கள். மெழுகு திரண்ட பிறகு ஊற்றிப் பயனில்லை. கண்ணாடி கழுவும் நீரும் உறையாத வகையாக இருக்க வேண்டும். இரவில் கைப்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். உறைந்த முன்கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். பனி விழும் அறிகுறி இருந்தால் டயர்ச் சங்கிலி தேவை, அதை வீட்டு முற்றத்தில் ஒருமுறை மாட்டிப் பழகிவிட்டுப் போங்கள்.

தாள்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டு. கூடவே பெற்றோர் விவரம் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ். அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் உறுதிமொழி. அக்கா பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போகும் மாமாக்கள் இதைக் கடைசி நிமிடத்தில் தேடுவார்கள். சனிக்கிழமை காலை எல்லையில் நின்று செய்ய முடியாத வேலை இது. வண்டி வங்கிக் கடனில் இருந்தால் எல்லை தாண்ட வங்கியின் கடிதம் வேண்டும். வாடகை வண்டியென்றால் நிறுவனத்தின் எல்லைக் கடிதம். வண்டிக் காப்பீடு லெசோத்தோவில் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் இங்கே வேலை பார்ப்பவர்கள் லெசோத்தோ விசாவையும், திரும்பி நுழையத் தங்கள் அனுமதி செல்லுமா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். பணம் மட்டும் தொல்லையில்லை. லெசோத்தோவின் நாணயமான லோட்டி ராண்டோடு ஒன்றுக்கொன்று கட்டப்பட்டது, ராண்டை வாங்கிக்கொள்வார்கள்.

உயரம். இந்தப் பயணத்தில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் 2,750 மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே தூங்குவதைத் தவிர்ப்பது மருத்துவப் பொதுவிதி. டர்பனிலிருந்து விடியற்காலை கிளம்பி அன்றிரவு ஆஃப்ரிஸ்கியில் படுப்பது இந்த விதியை நேராக மீறுவது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, வந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கும். சின்னப் பிள்ளை சொல்லத் தெரியாமல் நச்சரிக்கும், சாப்பிட மறுக்கும். முதல் இரவை எல்லைக்கு முன்னால், தாழ்வாக இருக்கும் கிளாரன்ஸில் கழியுங்கள். அந்த ஓர் இரவு வாடகை, மேலே வீணாகும் ஒரு முழு நாளின் செலவைவிடக் குறைவு. மேலே முதல் நாள் ஓட்டமும் பியரும் வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நிற்காத வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் இறங்க வேண்டும். இரவில் மொட்டெங் உறைந்திருக்கும் என்பதால், மாலை நான்கு மணிக்கே எல்லார் உடம்பையும் ஒருமுறை பார்த்து, சந்தேகமிருந்தால் வெளிச்சத்தோடு புத்தா-புத்தேவுக்கு இறங்கிவிடுங்கள். இதயநோய், மூச்சுத்தடையோடு கூடிய தூக்கக் கோளாறு, கர்ப்பம் உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். முன்தடுப்பாக அசெட்டசோலமைடு என்ற மாத்திரை சிலருக்குத் தரப்படும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள்.

சமையல். தானே சமைக்கும் அறைகள் கிடைப்பது நமக்கு வசதி. 3,050 மீட்டரில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு அரைவேக்காடாகும், துவரம்பருப்பு மணிக்கணக்கில் வெந்தும் கரையாது. பிரஷர் குக்கர் எடுத்துப் போங்கள். அவரை, கடலை வகைகளை முந்தின இரவே ஊறப்போடுங்கள். ரொட்டிக்கும் ரசத்துக்கும் கவலையில்லை. பச்சை இறைச்சியை எல்லையில் நிறுத்திக் கேட்கலாம் என்பதால் வீட்டிலேயே சைவமாகத் திட்டமிடுவது நிம்மதி. குளிருக்குக் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ மூடிய அறைக்குள் எரிய விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணக்காது, தூக்கத்திலேயே கொல்லும்.

மறைந்திருக்கும் செலவு. அறை வாடகை வேறு, சரிவு அனுமதிச் சீட்டு வேறு, ஸ்கீயும் பூட்ஸும் வேறு, உடை வாடகை வேறு, பாடம் வேறு. நாலு பேருக்கு இந்த ஐந்து வரிகளையும் எழுதிக் கூட்டிய பிறகே விலையை ஒப்பிடுங்கள். லெசோத்தோ சாலை வரி, அலைபேசி ரோமிங், டயர்ச் சங்கிலி, உறைதடுப்பி, கிளாரன்ஸ் இரவு எல்லாம் இதற்கு மேல். உங்கள் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) எல்லைக்கு அப்பால் எவ்வளவு தாங்கும், ஹெலிகாப்டர் மீட்பு சேருமா என்று கேளுங்கள்.

எப்போது போவது? ஜூலை முதல் இரண்டு வாரம், ஆடி பிறப்பதற்குள், திங்கள் முதல் வியாழன் வரை. வார இறுதியில் இளைஞர் கூட்டமும் இரவு இசையும் இருக்கும். ஒரே முக்கியச் சரிவுக்கு வரிசையும் நீளும். பிள்ளை சறுக்கும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகமாகும். மூன்று இரவு மேலே, ஓர் இரவு கிளாரன்ஸ் என்பது முதல்முறைக்குப் போதுமான அளவு. ஒரு கிலோமீட்டர்ச் சரிவு நாலாம் நாளில் தேறியவருக்கு அலுக்கும், தொடக்கக்காரருக்கு அலுக்காது.

## சானி கணவாய்: பனியைத் தொட்டால் போதும் என்பவர்களுக்கு

குவாசுலு-நட்டாலின் ஹிம்வில், அண்டர்பர்க் பக்கத்திலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் பாதை. டர்பனிலிருந்து அண்டர்பர்க் இரண்டரை மணி நேரம். சொந்தக் கார் அடிவாரத்தோடு நின்றுவிடும். மேலே நான்கு சக்கர இழுவை வண்டிக்கு மட்டும் அனுமதி. சொந்தமாக நான்கு சக்கர இழுவை உள்ள பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருந்தாலும் கரடுமுரடான பனித் திருப்பங்களில் ஓட்டிப் பழகாதவர், அண்டர்பர்கிலிருந்து போகும் சுற்றுலா வண்டியில் இடம் வாங்குவதே மேல். கடவுச்சீட்டு வேண்டும், எல்லைச் சாவடி மாலையில் மூடிவிடும்.

இதன் சிக்கல் ஒன்றுதான், ஆனால் பெரியது. பனி நன்றாக விழுந்த நாளில்தான் பாதையை மூடுவார்கள்; பாதை எளிதாக இருக்கும் நாளில் மேலே பனி இருக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஓரிரு நாட்கள்தான் உங்களுடையவை. அதனால் இதை மாதத்துக்கு முன்பே பணம் கட்டும் விடுமுறையாக நினைக்கக் கூடாது. கேப் பக்கமிருந்து குளிர்முகம் ஏறிவருவது இரண்டு மூன்று நாள் முன்பே முன்னறிவிப்பில் தெரியும். பையைக் கட்டி வைத்திருந்து, பனி விழுந்த மறுநாளோ அடுத்த நாளோ கிளம்பக்கூடியவர்களுக்கு இதைவிட மலிவான பனி இல்லை. வேலை விடுப்பை ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டியவர்களுக்கு இது சூதாட்டம்.

மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை சானிதான். அந்த வயதில் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சரிவது ஸ்கீயைவிட அதிக மகிழ்ச்சி தரும். மேலே இரவு தங்காமல் சில மணி நேரத்தில் இறங்குவதால் உயர நோயின் வாய்ப்பும் குறைவு.

## ஸ்கீ துபாய்: வழியில் ஒரு நாள் இருந்தால் மட்டும்

2005இல் மால் ஆஃப் தி எமிரேட்ஸில் திறந்த உள்ளரங்கம். ஐந்து சரிவுகள், நீளமானது 400 மீட்டர். வெப்பநிலை உறைநிலையை ஒட்டி. மேல்கோட்டு, பூட்ஸ், ஸ்கீ நுழைவுச் சீட்டோடு சேர்ந்தே வருவதால் நாலு பேருக்கு உடை வாங்கும் செலவு இல்லை. சீட்டு வாங்கும்போது கவனம். பனிப் பூங்காவுக்கு ஒரு சீட்டு, சறுக்குச் சரிவுக்கு வேறு சீட்டு. திரும்பவும் நிறுத்தவும் தெரியாதவரைப் பாடம் இல்லாமல் சரிவில் விட மாட்டார்கள். கையுறை, காலுறையைக் கையோடு கொண்டு போங்கள்.

இதற்கென்றே டர்பனிலிருந்து விமானம் ஏறுவது தகாது. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு அமீரக விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஜூலையில் வெளியே நாற்பது டிகிரிக்கு மேல். மூன்று மணி நேரப் பனிக்காக மூன்று நாள் கடைவீதியில் செலவழியும். சென்னைக்கோ மதுரைக்கோ சொந்தங்களைப் பார்க்கப் போகும் வழியில் துபாயில் ஒருநாள் நின்றால், அப்போது நல்ல தேர்வு. ஆல்ப்ஸுக்குப் பணம் கட்டுமுன் பிள்ளைக்கு இது பிடிக்கிறதா என்று பார்க்கும் ஒத்திகையாகவும் பயன்படும்.

## ஆல்ப்ஸ்: ஏற்கெனவே பிடித்துப்போன குடும்பத்துக்கு

மணிக்கணக்கில் வகுத்தால் ஆல்ப்ஸ் நியாயமாகவே வரும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஆறு நாளும் பிள்ளைகள் சறுக்க வேண்டும். இரண்டாம் நாளே "போதும்மா" என்று உட்கார்ந்துவிட்டால் இந்தப் பட்டியலிலேயே விலை அதிகமான பனி அதுதான். ஆஃப்ரிஸ்கியிலோ துபாயிலோ பழகாத பிள்ளையை முதல்முறையே இங்கே கொண்டுவர வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எந்த வாரம். ஜூலையில் ஆல்ப்ஸில் பனி என்றால் ஹின்டர்டுக்ஸ், ஸெர்மாட் போன்ற பனியாற்று இடங்கள் மட்டுமே. கற்பவருக்கு ஏற்றவை அல்ல. டிசம்பர் விடுமுறையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலை உச்சம். ஜனவரி முதல் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனி வரையிலான வாரத்தைப் பிடியுங்கள்: ஐரோப்பியப் பள்ளிகள் திறக்கத் தொடங்கி விலை இறங்கும், நம் பள்ளிகள் பெரும்பாலும் திறந்திருக்காது, பொங்கலுக்குள் வீடு திரும்பலாம். மார்ச் கடைசி, ஏப்ரல் விடுமுறை என்றால் உயரமான ஊர்கள் மட்டும். பெரிய வெள்ளி எந்த நாளில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர். பிரான்சில் 1,800 மீட்டரில் கார் நுழையாத ஆவோரியாஸ் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. வீட்டு வாசலிலிருந்தே பனி. 2,300 மீட்டரில் இருக்கும் வால் தோரன்ஸில் பருவத்தின் இரு முனையிலும் பனி நிற்கும், ஆனால் காற்றும் குளிரும் கடுமை. செலவு முக்கியம் என்றால் ஆல்ப்ஸை விட்டு பல்கேரியாவின் பான்ஸ்கோவைப் பாருங்கள். 2025 முதல் பல்கேரியா முழுமையாக ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால் விசா ஒன்றே. ஊர் 1,000 மீட்டருக்குக் கீழே, சரிவுகள் மேலே; காலையில் தொங்கூர்தி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

விசா. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்க்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்டவர்க்கு 45, ஆறுக்குக் கீழே இலவசம். அந்த வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ள நால்வர் குடும்பத்துக்கு 270 யூரோ. சேவை மையக் கட்டணம் இதற்கு மேல். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஜனவரிப் பயணத்துக்குச் செப்டம்பர், அக்டோபரிலேயே நேரம் வாங்குங்கள். நவம்பர் கடைசியில் இடம் கிடைப்பது கடினம். விசாவுக்கு வேண்டிய 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்கால விளையாட்டு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பிரான்சில் சரிவில் விழுந்தவரைக் கீழே கொண்டுவரவே பணம் கேட்பார்கள்.

கண்ணில் படாதவை. விமான நிலையத்திலிருந்து மலைவரை நாலு பேருக்கும் வண்டி, இரவுக்கு இவ்வளவு என்ற ஊர் வரி, மலைமேல் பகலுணவு. தொடக்கக்காரர்க்கு முழு மலைக்கான லிஃப்ட் சீட்டு தேவையே இல்லை. தொடக்கச் சரிவுகளுக்கான குறைந்த சீட்டைக் கேட்டு வாங்கினால் கணிசமாக மிச்சமாகும். சமையலறை உள்ள வீடு எடுங்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரக் கூடாது. நெய் டப்பாவும் பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சியும் சுங்கத்தில் போய்விடும், பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்பு, மசாலாத் தூள், காய்ந்த மிளகாய் போதும்.

ஜூலையிலேயே பெரிய மலை வேண்டும், விசாவும் வேண்டாம் என்றால் சிலி இருக்கிறது. சாண்டியாகோவுக்கு மேலே வாயே நெவாடோ 3,000 மீட்டரை ஒட்டிய உயரம். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. சாவோ பாவ்லோ வழியாகப் போக வர நீண்ட பயணம். பத்து நாளுக்குக் குறைந்து போவது வீண்.

## எங்கே போனாலும்: காலும் தோலும்

பூட்ஸ்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நேராக நின்றால் கால்விரல் முன்சுவரைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை. இரண்டு மாட்டினால் மடிப்பு விழுந்து ரத்தஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, தேர்ச்சி கேட்பார்கள். அதையும் பூட்ஸ் நீளத்தையும் வைத்தே விழும்போது ஸ்கீ கழன்றுவிடும் அளவைத் திருகுவார்கள். வெட்கப்பட்டு எடையைக் குறைத்தோ தேர்ச்சியைக் கூட்டியோ சொல்லாதீர்கள். ஒன்றில் தேவையில்லாமல் கழலும், மற்றதில் கழலாமல் முழங்கால் முறுகும். ஸ்கீயின் நீளம் கற்கும் பிள்ளைக்கு நெஞ்சுக்கும் தாடைக்கும் இடையில் இருந்தால் போதும்.

பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் ஈரம் குடித்து உடம்பைக் குளிரச் செய்யும். உடலோடு ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் நீர்புகாக் கோட்டு. வாடகைக்கு எடுக்கக்கூடியது கோட்டும் கால்சட்டையும். சொந்தமாக வாங்க வேண்டியது கையுறை, காலுறை, பனிக்கண்ணாடி. வளரும் பிள்ளைக்கு ஸ்கீயும் பூட்ஸும் வாங்குவது காசைக் கரைப்பது. தலைக்கவசம் எல்லாருக்கும்.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் புறஊதாக் கதிர் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை கீழிருந்து திருப்பி அடிக்கும். மூக்கின் அடியும் தாடையின் கீழும்தான் முதலில் எரியும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்ற பிள்ளை இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் அழும்.

## பாட்டியும் வருகிறார் என்றால்

நம் வீடுகளில் நாலு பேர் மட்டும் போவது அரிது. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ள பாட்டி, தாத்தாவை ஆஃப்ரிஸ்கியில் இரவு தங்க வைப்பதை மருத்துவர் சம்மதிக்காமல் செய்ய வேண்டாம். குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: பெரியவர்களும் கைக்குழந்தையும் கிளாரன்ஸில், சறுக்குபவர்கள் மேலே. ஒருவர் கிளாரன்ஸிலிருந்து தினமும் ஏறி இறங்கலாம் என்று நினைத்தால், காலை எல்லை வரிசையும் மொட்டெங்கின் பனிப்படலமும் சேர்ந்து பாதி நாளைத் தின்றுவிடும். ஒரே ஒரு பகலுக்கு மட்டும் அது சரிவரும். ஆல்ப்ஸில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் பெரியவர்களுக்கு உறைந்த தெருவில் நடப்பதே ஆபத்து என்பதால், செருப்பின் மேல் மாட்டும் கூர்முனைப் பட்டையும் லிஃப்ட் உள்ள கட்டடமும் கேட்டு வாங்குங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே பாடம் எடுக்க எங்கும் பெரும்பாலும் மாட்டார்கள். ஐந்தாறு வயதில் ஒருநாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். பத்து வயதுக்கு மேல் முழுநாள் தாங்குவார்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே குழுவில் போட்டால் சின்னவன் அழுவான், பெரியவள் சலிப்பாள். தனித்தனிக் குழு இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். பெற்றோர் தாங்களே கற்றுக்கொடுக்க முயல வேண்டாம். முதல் பாடத்தில் பிள்ளை அழுதால் பயிற்றுநரிடம் விட்டுவிட்டு, பிள்ளையின் கண்ணெதிரிலிருந்து நீங்கள் விலகி நில்லுங்கள். அரைமணி கழித்தும் அழுகை நிற்கவில்லையென்றால் கழற்றிவிட்டு உருட்டி விளையாட விடுங்கள். மறுநாள் காலை அதே பிள்ளையிடம் மீண்டும் கேட்டுப் பாருங்கள்.